தோண்டும் முன் படிக்க வேண்டிய மண்

சுரங்கம் முடிந்த இடம், கல்குவாரி கைவிட்ட பள்ளம், நெடுஞ்சாலைக்காக வெட்டிய சரிவு, செங்கல் சூளைக்காகச் சுரண்டிய வயல். இவற்றை மறுபடி பசுமையாக்குவது பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, "என்ன மரம் வைக்கலாம்?" அடுத்தது, "எத்தனை கன்று?" அறிக்கைகளும் கன்றுக் கணக்கில்தான் வருகின்றன. எந்த மண்ணில் வைத்தார்கள், அதன் ஆழம் என்ன, தண்ணீர் இறங்குமா, வேர் போகுமா என்று அந்த அறிக்கைகளில் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இத்தனைக்கும் இந்த விவரங்களில் பெரும்பகுதியை மண் ஆய்வுத் துறையினர் ஏற்கெனவே எழுதி, வரைபடமாக்கி வைத்திருக்கிறார்கள். பல தலைமுறை அலுவலர்கள் குழி வெட்டி இறங்கிப் பார்த்துச் சேர்த்த செல்வம் அது. குலைந்த நிலத்தை மீட்க அந்தச் செல்வம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று பார்ப்போம்.

விவசாயிகளுக்குப் பழக்கமான மண் பரிசோதனை வேறு, மண் ஆய்வு வேறு. பரிசோதனைக்கு உழவு ஆழத்து மண்ணைப் பையில் கட்டி அனுப்புகிறோம். தழை, மணி, சாம்பல் சத்து இவ்வளவு என்று அட்டை வருகிறது. மண் ஆய்வாளர் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரை மேலிருந்து கீழாகப் படிக்கிறார். நிறம் எங்கே மாறுகிறது, மணல் எங்கே களியாகிறது, சுக்கான் கல் எந்த ஆழத்தில் தொடங்குகிறது, வேர்கள் எதுவரை இறங்கியிருக்கின்றன, நீர் தேங்கிய அடையாளம் உண்டா என்று அடுக்கு அடுக்காகக் குறிக்கிறார். ஒரே அடுக்கமைப்பு உள்ள மண்ணை ஒரு தொடராகத் தொகுத்து, முதலில் இனங்கண்ட ஊரின் பெயரை அதற்கு வைக்கிறார்கள். இருகூர், பீளமேடு, பல்லடம், சோமையனூர், மதுக்கூர், பட்டுக்கோட்டை என்று நம் ஊர்ப் பெயர்கள் பல மண் தொடர்களின் பெயர்களாக நிலைத்தது இப்படித்தான். 1976இல் தொடங்கிய, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் தமிழ்நாடு முழுமைக்கும் மண் வரைபடம் வெளியிட்டிருக்கிறது. மாநில அரசுக்கும் தனியே மண் ஆய்வுப் பிரிவு உண்டு.

இந்த வரைபடங்களைக் கையில் எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவுகோலை. மாநில வரைபடம் 1:2,50,000 அளவில் உள்ளது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் இரண்டரை கிலோமீட்டர். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி ஒரு துண்டைத் தனியே வரைய, தாளில் 0.4 சதுர சென்டிமீட்டராவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் இந்த வரைபடத்தில் மிகச் சிறிய துண்டே தரையில் 250 ஹெக்டேர். ஐந்து ஹெக்டேர் கல்குவாரி அதில் ஒரு சிறு புள்ளிதான். 1:50,000 வரைபடத்தில் மிகச் சிறிய துண்டு 10 ஹெக்டேர், 1:10,000இல் 0.4 ஹெக்டேர், அதாவது ஒரு ஏக்கர். மாவட்ட அளவில் இடம் தேர்வதற்குப் போதுமான வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரு குவாரிக்கு நடவுத் திட்டம் எழுதக் கூடாது. ஆனாலும் சிறிய அளவுகோல் வரைபடத்தால் ஒரு பயன் உண்டு. இந்த வட்டாரத்தில் எந்தெந்த மண் தொடர்கள் இருக்கக்கூடும், குழி வெட்டும்போது எவற்றை எதிர்பார்க்கலாம் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். மீதியைக் குழிதான் சொல்ல வேண்டும்.

வரைபடத்தின் கையாலாகாத இடம் ஒன்று உண்டு. வரைபடம் சொல்வது நிலம் குலைவதற்கு முன் இருந்த மண்ணைப் பற்றித்தான். எந்திரம் இறங்கிய மறுநாள் அந்த விவரம் பழைய செய்தியாகிவிடுகிறது. ஆகவே மண் ஆய்வு முழுப் பலன் தருவது தோண்டுவதற்கு முன்புதான். எந்தப் பகுதியில் மேல்மண் எத்தனை அங்குலம், அதன் கீழே உள்ள அடிமண் வேருக்கு ஏற்றதா, இன்னும் கீழே மேலே வரவே கூடாத உவரோ களியோ சுண்ணாம்போ உண்டா என்று தெரிந்தால், எதைத் தனியே எடுத்து வைப்பது, எதை ஆழத்தில் புதைப்பது என்று முடிவு செய்யலாம். தோண்டிய பிறகு இந்தக் கேள்விகளைக் கேட்டால் விடை தெரியும், ஆனால் செய்ய ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1957இல் தொடங்கிய திறந்தவெளிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு மேலே கடலூர் மணற்பாறை என்று புவியியலாளர்கள் அழைக்கும் மணலும் களியும் கலந்த படிவு பல பத்து மீட்டர் கனத்துக்குக் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அந்தப் படிவின் உச்சியில், முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் ஒரு மெல்லிய போர்வையாக இருக்கிறது. சக்கரவாளி எந்திரம் வெட்ட, கன்வேயர் பெல்ட் சுமக்க, பரப்பும் எந்திரம் மறுபக்கம் கொட்ட, மண்மேடுகள் எழுகின்றன. கவனமாகத் திட்டமிடாவிட்டால் முதலில் வெட்டிய செம்மண் மேட்டின் அடியில் போய்ச் சேரும். கடைசியில் வெட்டிய, காற்றும் வேரும் புழுவும் தொட்டறியாத ஆழத்துப் படிவு உச்சியில் வந்து உட்காரும்.

இந்தத் தலைகீழ் மாற்றம்தான் உலகெங்கும் சுரங்க நிலங்களின் அடிப்படை நோய். மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி 1941இல் மண் உருவாகும் காரணிகளை ஐந்தாக வகுத்தார்: தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், மூலப்பொருள், காலம். மண்மேட்டில் மூலப்பொருள் இருக்கிறது, மழையும் வெயிலும் இருக்கின்றன. காலம் இல்லை, உயிரினங்கள் இல்லை. அங்ககக் கரிமம் மிகக் குறைவு. தழைச்சத்து அனேகமாக இல்லை. மழை பெய்தால் மேற்பரப்பு பொருக்குத் தட்டி, நீர் உள்ளே இறங்காமல் வழிந்து மேட்டின் சரிவை அரித்துக்கொண்டு ஓடுகிறது. அங்கே நடும் மரங்கள் பச்சையாக நிற்கலாம். அடியில் மண் உருவாகிறதா என்பதற்குத் தனியே குழி வெட்டித்தான் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து தெரியும் பச்சையை வைத்து மட்டும் நிலம் மீண்டுவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அடுக்கு மாறாமல் திருப்பி வைக்க முடியும் என்று சட்டம் போட்டுக் காட்டியது அமெரிக்கா. 1977 ஆகஸ்டில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட திறந்தவெளிச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், மண் ஆய்வை உரிமத்தின் உள்ளேயே கொண்டுவந்தது. முதல் தர விளைநிலம் என்று மண் ஆய்வு குறித்த இடத்தில் சுரங்கம் தோண்டினால், மேல்மண்ணைத் தனியே, அடிமண்ணைத் தனியே எடுத்துச் சேமித்து, பழைய வரிசையிலேயே திருப்பிப் பரப்ப வேண்டும். பாறை குறுக்கிடும் மண் என்றாலொழிய, மீட்ட மண்ணின் மொத்த ஆழம் 48 அங்குலம், அதாவது சுமார் 120 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பிறகு பயிர் வைத்து, பக்கத்தில் தோண்டாத அதே வகை நிலத்துக்கு இணையான விளைச்சலை நிரூபித்த பிறகே நிறுவனம் கட்டிய பிணைத்தொகை திரும்பக் கிடைக்கும். சேதத்தின் அளவுகோலாக மண் ஆய்வை வைத்ததுதான் அந்தச் சட்டத்தின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். இத்தனை கன்று நட்டோம் என்பது அங்கே சாட்சியாகாது. நிலம் முன்பு தந்ததைத் தருகிறதா என்பதே சாட்சி.

ஆனால் அதே சட்டத்தின் கீழ், அப்பலாச்சிய மலைத்தொடரின் நிலக்கரிப் பகுதிகளில் காடு திரும்பி வராமல் போனது. சரிவு நிலையாக இருக்க வேண்டும், அரிப்பு கூடாது என்ற கவலையில் நிறுவனங்கள் மண்ணைப் புல்டோசரால் திரும்பத் திரும்ப ஓட்டிச் சமன் செய்து, வேகமாக வளரும் புல்லை விதைத்தன. பார்க்க அழகாக, வழவழப்பாக இருந்தது. நட்ட மரங்கள் வளரவில்லை. சட்டத்துக்கு முந்தைய காலத்தில், தாறுமாறாகக் கொட்டிக் கிடந்த இளகிய மண்மேடுகளில் வைத்த மரங்கள் இவற்றைவிட நன்றாக வளர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மண்ணின் இறுக்கம்தான் காரணம். களிமண்ணில் ஒரு கன சென்டிமீட்டரின் எடை 1.47 கிராமைத் தாண்டினால் வேர் நுழையத் திணறும். மணலில் அந்த எல்லை 1.80 கிராம். கனரக வண்டிகள் ஏறி இறங்கிய மண் இந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். 2004இல் உருவான அப்பலாச்சிய வட்டாரக் காடு மீட்பு முயற்சி ஐந்து படிகளைப் பரிந்துரைத்தது. அவற்றில் முதலிரண்டும் மண் பற்றியவை: வேருக்கு ஏற்ற பொருளை, முடிந்தால் மேல்மண்ணோடு சிதைந்த மணற்பாறையையும் கலந்து, குறைந்தது நான்கு அடி ஆழத்துக்கு இடு, அதை இறுக்காமல் இளகலாகவே விடு. எந்த மரம் என்ற பேச்சு நான்காவது படியில்தான் வருகிறது.

சேமித்து வைத்த மேல்மண்ணுக்கும் ஆயுள் உண்டு. உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் மடியும், வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் அழியும், விதைகள் அழுகும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா காடுகளில் 1960களிலிருந்து பாக்சைட் தோண்டுகிறார்கள். அங்கே வளர்ந்த உத்தி, ஒரு குழியில் உரித்த மேல்மண்ணைக் குவித்து வைக்காமல் அப்போதே அடுத்த குழியில் பரப்புவது. உயிருள்ள விதைகளில் மிகப் பெரும்பகுதி மேலே சில சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது என்பதால், அந்த மெல்லிய படலத்தை மட்டும் தனியே உரிப்பதும் உண்டு. பரப்புவதற்கு முன் இறுகிய தளத்தை ஆழமாகக் கீறிவிடுகிறார்கள். நர்சரியில் வளர்க்கவே தெரியாத பல செடிகள் இந்த மண்ணோடு தாமாகவே வந்து முளைக்கின்றன. நம் குவாரிகளில் "மேல்மண் சேமிப்பு" என்ற பலகைக்குக் கீழே ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் மேடுகளை, பெயருக்கு மேல்மண் என்றுதான் சொல்ல முடியும்.

மேல்மண்ணே மிஞ்சாத இடங்களில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடி முழு மனதோடு உழைத்தவர் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் அந்தோனி பிராட்ஷா. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சீனக்களி எடுத்த பிறகு மிஞ்சும் வெள்ளை மணல் மேடுகளை அவரும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். உரம் போட்டால் புல் முளைக்கும், நிறுத்தினால் வாடும். குறை தழைச்சத்தில் இருந்தது. அதிலும், ஒரு பருவத்துக்கான சத்து போதாது. மண்ணில் ஒரு முதலாகவே அது சேர வேண்டும். ஹெக்டேருக்கு ஆயிரம் கிலோ அளவில் தழைச்சத்து மண்ணிலும் தாவரத்திலுமாகச் சேர்ந்த பிறகே நிலம் தன் காலில் நிற்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. மூட்டை உரத்தால் இதைக் கட்டி முடிக்க முடியாது. அவரைக் குடும்பத் தாவரங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்க்க வேண்டும். நம் வெளிகளில் இந்த வேலைக்குக் கொழுஞ்சி இருக்கிறது, வெள்வேல் இருக்கிறது, வாகை இருக்கிறது. மணற்பாங்கான இடத்துக்குச் சவுக்கும் உண்டு. சவுக்கு அவரைக் குடும்பம் அல்ல, ஆனாலும் வேர் முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கும்.

எல்லா இடத்திலும் குறை தழைச்சத்து என்று நினைத்துவிடவும் கூடாது. சேலத்தில் வெள்ளைக்கல் என்று மக்கள் சொல்லும் மேக்னசைட் சுரங்கங்களின் கழிவு மேடுகளைப் பாருங்கள். அந்தப் பாறைகள் மக்னீசியம் மிகுந்தவை, சுண்ணாம்புச் சத்து குறைந்தவை. நிக்கலும் குரோமியமும் கூடுதலாகக் கலந்திருக்கும் இனம். அங்கே எத்தனை வண்டி தொழுவுரம் போட்டாலும், கால்சியத்தை மிஞ்சி நிற்கும் மக்னீசியம் வேரைத் தடுக்கும். கால்சியம் தரும் ஜிப்சம் இட்டு அந்த விகிதத்தைச் சரிசெய்யாமல் தொடங்கினால் கன்றும் காசும் வீண். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் நேர்மாறான தொல்லை: சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏற, இரும்பும் துத்தநாகமும் மணிச்சத்தும் மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது, இலை வெளுக்கும். சேலத்துக்கு எழுதிய நடவுத் திட்டத்தை அரியலூருக்குப் படியெடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் இப்படிப் படியெடுப்பது நடக்கிறது. ஒரே மரப் பட்டியல், வேம்பும் புங்கனும் தேக்கும், மாவட்டம் மாவட்டமாக மாறாமல் வருகிறது.

ஆரோவில் தந்த பாடம் வேறு மாதிரியானது. 1968இல் அந்த நகரம் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேட்டுநிலம் மரமற்று, வடகிழக்குப் பருவமழை கிழித்த பெரும் ஓடைப் பள்ளங்களோடு கிடந்தது. மேல்மண் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. செம்புரைக்கல் ஆங்காங்கே தலைநீட்டியது. அங்கே வந்தவர்கள் கன்றுகளை நம்பிக் காத்திருக்காமல் வரப்பு போட்டார்கள். மழை நீரை விழுந்த இடத்திலேயே நிறுத்தி இறக்குவதே முதல் வேலையானது. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அகேசியா முதலிய கடினமான மரங்களால் நிழலும் இலைச் சருகும் கிடைத்தன. அந்த நிழலில்தான் சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை, கருங்காலியையும் பாலையையும் காயாவையும் வீரையையும் கொண்டுவர முடிந்தது. எந்த மரங்கள் இந்த மண்ணுக்கு உரியவை என்பதை அவர்கள் படித்தது சுற்றுவட்டாரக் கோயில் காடுகளில். புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்றவை இன்றும் அந்த ஏடுகளாக நிற்கின்றன.

மண் ஆய்வு இங்கே இன்னொரு வகையில் பயன்படுகிறது. குலைந்த நிலத்தில் இருந்த அதே மண் தொடர் எங்கே கைபடாமல் இருக்கிறது என்று வரைபடம் காட்டும். அங்கே போய் என்ன வளர்கிறது என்று பார்த்தால் பட்டியல் தானாகக் கிடைக்கும். 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் கால்நடைத் தீவனத்துக்கு ஏற்றபடி மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாக்கச் சொன்னது. நல்ல உத்தரவு. எந்தப் புல்? காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கல்குவாரிகளுக்கு விடை அடுத்த வேலிக்குள்ளேயே இருக்கிறது. கிளுவை வேலியிட்ட கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில், ஆழமில்லாத சரளைச் செம்மண்ணில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் சேர்ந்து காங்கேயம் மாடுகளைப் பல தலைமுறைகளாக வளர்த்திருக்கின்றன. அதே புல்லை நீர் தேங்கும் களிமண் பள்ளத்தில் விதைத்தால் அழுகும். உத்தரவைச் செயலாக்கும் இடத்தில் மண் வரைபடம் மேசைமேல் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நிலம் குலைந்த பின் செய்ய வேண்டிய மண் ஆய்வும் ஒன்று உண்டு. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கொட்டிய மண் மேட்டையும் ஒரு புதிய மண்ணாகவே பாவித்துப் படிக்க வேண்டும். உலக மண் வகைப்பாடு 2006இல் மனிதர் உண்டாக்கிய மண்ணுக்கென்றே டெக்னோசால் என்ற பிரிவை ஏற்படுத்தியது. அமெரிக்க வகைப்பாட்டிலும் 2014இல் மனிதர் மாற்றிய, மனிதர் சுமந்து கொட்டிய மண்ணுக்கு இடம் வந்தது. இந்த மண்ணின் இயல்பு, பத்தடிக்கு ஒன்றாக மாறுவது. இயற்கை நிலத்தில் மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து மண் எங்கே மாறும் என்று ஊகிக்கலாம். இங்கே லாரி எந்த நாளில் எதைக் கொட்டியதோ அதுதான் விதி. ஆகவே கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் குழி வெட்டி, கார அமிலத் தன்மை, உப்பு, கல்லின் விகிதம், இறுக்கம், நீர் இறங்கும் வேகம் ஆகியவற்றை அளக்க வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் செத்துப்போன கன்றுகளை மூன்றாம் முறையாக மாற்றி நடும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிதல்ல.

கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள் (2017) மேல்மண்ணைத் தனியே அகற்றி, சேமித்து, நிலத்தை மீட்கப் பயன்படுத்தச் சொல்கின்றன. எந்த அடுக்கை, எத்தனை ஆழத்துக்கு, எந்த வரிசையில் என்று அந்த இடத்து மண் ஆய்வைக் காட்டி எழுதிய சுரங்க மூடல் திட்டம் இருந்தால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.

கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில், மண்ணே தோண்டும் பொருளாகிவிட்டது. செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணைப் பல ஆள் ஆழத்துக்கு வெட்டி எடுத்தார்கள்; மக்களின் நீண்ட போராட்டத்துக்கும் வழக்குகளுக்கும் பிறகு 2021இல் சூளைகள் மூடப்பட்டன. கோவை மாவட்ட மண் தொடர்களில் சோமையனூர் ஒன்று. அதே பெயருள்ள ஊர் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அந்தத் தொடரின் அடுக்குகள், ஆழம், நிறம் எல்லாம் ஏட்டில் உள்ளன. இன்று பள்ளத்தில் இறங்கி ஒரு குழி வெட்டி, ஏட்டோடு ஒப்பிட்டால் எந்தெந்த அடுக்கு போய்விட்டது, இப்போது வெயிலில் கிடப்பது எந்த அடுக்கு என்று சொல்லிவிட முடியும். இழப்பின் கணக்கும் மீட்பின் தொடக்கமும் அந்த ஒப்பீட்டில் இருக்கின்றன.

போன மண்ணுக்கு ஈடாக வேறிடத்திலிருந்து செம்மண் கொண்டுவந்தால் அங்கே இன்னொரு பள்ளம் விழும். குளத்து வண்டல் ஒரு வழி. 2017 முதல் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரி, குளங்களின் வண்டலைக் கட்டணமின்றி எடுக்கத் தமிழக அரசு வழி செய்திருக்கிறது. குலைந்த நிலத்தை மீட்பதற்கும் அதை விரிக்கலாம். ஆனால் ஒரு ஹெக்டேரில் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு வண்டல் பரப்ப 1000 கன மீட்டர் வேண்டும். நம் கணக்கில் 350 யூனிட்டுக்கு மேல். பள்ளத்தாக்கு முழுவதற்கும் அது எட்டாது. எனவே நீர் தங்கும் தாழ்ந்த இடங்களிலும் கன்றுக் குழிகளிலும் வரப்பின் உட்புறத்திலும் மட்டும் இட்டு, மற்ற இடத்தில் கொழுஞ்சி விதைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். எந்தக் குளத்து வண்டல் என்பதையும் பார்க்க வேண்டும்: உப்பேறிய வண்டலும் ஆலைக் கழிவு கலந்த வண்டலும் செம்மண் பள்ளத்தை இன்னும் கெடுக்கும். மாதிரி எடுத்து உப்பின் அளவும் களியின் விகிதமும் தெரிந்த பிறகே முதல் வண்டி புறப்பட வேண்டும்.